பத்து நாள் கதாநாயகி

நம் அஞ்சுகிராமம் அகஸ்தீசுவரம் வட்டத்தைச் சேர்ந்தது. பட்டாவுக்கோ சாதிச் சான்றிதழுக்கோ விண்ணப்பிக்கும்போது அப்பெயரை எழுதாமல் ஒரு தாளையும் நகர்த்த இயலாது. நமக்கு அத்தனை பழகிய அந்த அகஸ்தீசுவரத்தில்தான் மலையாளத் திரைப்படத்தின் தந்தை எனப் போற்றப்படும் ஜே. சி. டானியேல் 1900ஆம் ஆண்டில் பிறந்தார்; 1975 ஏப்ரல் 27 அன்று அங்கேயே கண்மூடினார். அவர் எடுத்த படத்தில் தோன்றிய மலையாளத் திரையின் முதல் கதாநாயகியோ, தம் எஞ்சிய வாழ்நாளை நாகர்கோவிலில் வேறொரு பெயரில் கழித்தார். இரண்டு ஊர்களும் நமக்குப் பேருந்தில் சென்று பகலுணவுக்குள் திரும்பிவிடக்கூடியவை. ஆயினும் இச்செய்தியை நம்முள் அறிந்தவர் மிகச் சிலரே. நானும் குருவாகிப் பல ஆண்டுகள் கழிந்த பின்னரே அறிந்தேன்.

அந்த அம்மையாரின் பெயர் பி. கே. ரோசி.

இளம் நடிகையரைப் பற்றி இதழ்களில் எழுதுவோருக்கு ஒரு வழக்கம் உண்டு. முதல் படம் எது, முதல் ஊதியம் எவ்வளவு, இரண்டாம் படத்தில் கிடைத்த புகழ் எத்தகையது என்று வரிசையாக எழுதிச் செல்வர். ரோசியைப் பற்றி அவ்வாறு எழுத வழியில்லை. அவருக்கு முதல் படம் உண்டு. இரண்டாம் படம் இல்லை. அந்த முதல் படத்திலும் அவர் நடித்தது பத்து நாள்கள் என்பர். நாளொன்றுக்கு ஐந்து ரூபாய் கூலி. ஒரு திரை நடிகையின் தொடக்கமும் முடிவும் அந்தப் பத்து நாள்களுக்குள் அடங்கிவிட்டன.

ரோசி 1903இல் திருவனந்தபுரத்தில் பவுலோஸ், குஞ்ஞி தம்பதியருக்கு மகளாகப் பிறந்தார். புலையர் குலத்தைச் சேர்ந்த ஏழைக் குடும்பம். ராஜம்மா என்பது அவருடைய இயற்பெயர். இளமையிலேயே தந்தையை இழந்த அவர் புல்லறுத்து விற்றுப் பிழைத்தார். புல்லறுத்த நேரம் போக எஞ்சிய பொழுதில் அவரை ஈர்த்தது காக்காரிசி நாடகம். தென் திருவிதாங்கூரில் ஆடப்பட்ட நாட்டுப்புறக் கூத்து அது. சிவனும் பார்வதியும் குறவன் குறத்தி வேடத்தில் பூமிக்கு வந்து, நாடாளும் மன்னனையும் நாட்டு நடப்பையும் கேலி செய்வதாக அதன் கதை அமையும். தமிழும் மலையாளமும் கலந்து பேசுவர். நம் பகுதி மூதாட்டியர் இன்றும் பேசுகின்ற கலவை மொழிக்கு அது மிக நெருக்கமானது. பெண் வேடத்தையும் ஆண்களே கட்டி வந்த அக்கூத்தில் ஒரு பெண்ணே பெண்ணாக வந்து ஆடியது ஊராருக்குப் புதுமையாக இருந்திருக்கும். அவர் ஆட்டமும் பாட்டும் வல்லவராக விளங்கினார் என்பதில் ஐயமில்லை. இல்லாவிடில் திரைப்படம் எடுக்க வந்தவர்களின் காதுக்கு அவர் பெயர் எட்டியிராது.

இனி டானியேலைப் பற்றிச் சற்றுக் கூறவேண்டும். நாடார் சமூகத்தில், வசதியான கிறிஸ்தவக் குடும்பத்தில் தோன்றியவர். சிலம்பம், வாள்வீச்சு முதலிய வீரக் கலைகளில் பெரும் பற்றுடையவர். அவை பற்றி ஆங்கிலத்தில் நூலும் எழுதியவர். அக்கலைகளை உலகறியச் செய்வதற்குத் திரைப்படமே தக்க கருவி என்று எண்ணிச் சென்னைக்கும் பம்பாய்க்கும் சென்று தொழிலைக் கண்டறிந்தார். பின்னர்க் குடும்ப நிலத்தை விற்றுப் பணம் திரட்டித் திருவனந்தபுரம் பட்டத்தில் ‘திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ்’ என்ற பெயரில் படப்பிடிப்பு நிலையம் ஒன்றை நிறுவினார். எழுத்தும் இயக்கமும் ஒளிப்பதிவும் அவரே, கதாநாயகனும் அவரே. கதாநாயகியைத் தேடும் இடத்தில்தான் திகைத்து நின்றார்.

அத்திகைப்பு அவருக்கு மட்டும் உரியதன்று. 1913இல் பால்கே தம் ‘ராஜா ஹரிச்சந்திரா’ படத்தை எடுத்தபோது தாராமதி வேடத்திற்கு ஒரு பெண்ணும் முன்வரவில்லை. சாளுங்கே என்ற ஆடவரே புடைவை உடுத்து நடித்தார். மதிப்புடைய குடும்பத்துப் பெண்கள் ஒளிப்படக் கருவியின் முன் நிற்பதே இழிவு என்று கருதப்பட்ட காலம். டானியேல் முதலில் பம்பாயிலிருந்து லானா என்ற ஆங்கிலோ இந்திய நடிகையை வரவழைத்தார். அது ஒத்து வரவில்லை. பின்னர், அப்படத்தில் வில்லனாக நடித்த ஜான்சன் என்ற நண்பர் வழியாகக் காக்காரிசிக் கூத்தில் ஆடும் ராஜம்மாவைப் பற்றி அறிந்தார். ராஜம்மா திரைக்கு ரோசி ஆனார்.

படத்தின் பெயர் ‘விகதகுமாரன்’. காணாமற்போன மகன் என்பது பொருள். பேச்சில்லாத மௌனப் படம். புராணக் கதைகளையே படமாக்கி வந்த நாளில் டானியேல் துணிந்து ஒரு சமூகக் கதையை எடுத்தார். திருவிதாங்கூர்ச் செல்வர் ஒருவரின் சிறுவன் இலங்கைக்குக் கடத்திச் செல்லப்படுகிறான். அங்கே தோட்டக் கூலியாக வளர்ந்து உயர்கிறான். உறவினன் ஒருவனின் நட்பால் தாயகம் திரும்புகிறான். முதுகிலுள்ள தழும்பால் அடையாளம் காணப்பட்டுக் குடும்பத்தோடு சேர்கிறான். அச்சிறுவனின் தங்கை சரோஜினி நாயர் குலப் பெண். அவளே ரோசி ஏற்ற பாத்திரம்.

பத்து நாள்களும் ரோசி காலையில் வந்து மாலையில் வீடு திரும்புவார். பகலுணவையும் வீட்டிலிருந்தே பாத்திரத்தில் கொண்டுவருவார் என்று அவ்வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். நான் இக்குறிப்பைப் படித்ததும் நூலை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் அமர்ந்திருந்தேன். சரோஜினிக்குரிய நகையும் வெளுத்த ஆடையும் படப்பிடிப்பு நடக்கும் வரையில் அவர் உடம்பில் இருக்கும். உணவு வேளையில் அவர் தம் சொந்தப் பாத்திரத்தைத் திறப்பார். மாலையில் நகையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஐந்து ரூபாயுடன் குடிசைக்கு நடப்பார். வயல் வேலைக்குப் போய் வருவதுபோலவே அவர் அந்த வேலைக்கும் போய் வந்திருக்கிறார். இவ்வேலையின் விலை என்னவென்று அவருக்கு அப்போது தெரியாது.

படம் திருவனந்தபுரம் கேப்பிட்டல் கொட்டகையில் திரையிடப்பட்டது. 1928 நவம்பர் 7 என்றே நெடுங்காலம் எழுதி வந்தனர். பின்னர்க் கிடைத்த விளம்பரத் துண்டறிக்கை 1930 அக்டோபர் 23 என்று காட்டுகிறது. (நம் கோட்டாறு மறைமாவட்டம் உருவானதும் அதே 1930ஆம் ஆண்டில்தான் என்பதை வாசகர்களுக்கு நினைவூட்டுகிறேன்.) புகழ்பெற்ற வழக்கறிஞர் மள்ளூர் கோவிந்தப் பிள்ளை காட்சியைத் தொடங்கி வைத்தார். நகரின் பெரியவர்கள் முன்வரிசையில் அமர்ந்திருந்தனர். கதாநாயகிக்கு மட்டும் அழைப்பில்லை. அவர் உள்ளே வந்து அமர்ந்தால் பெரியவர்கள் எழுந்து போய்விடுவர் என்ற அச்சமே காரணம்.

திரையில் சரோஜினி தோன்றியதும் கொட்டகையில் கூச்சல் எழுந்தது. நாயர் குலப் பெண்ணாக ஒரு புலையர் குலப் பெண் நடிப்பதா? கதாநாயகன் அவளுடைய கூந்தலிலிருந்த மலரை எடுத்து முத்தமிடும் காட்சியில் சினம் கரை கடந்தது என்பர். கற்கள் பறந்தன. திரை கிழிந்தது. ஆலப்புழை முதலிய ஊர்களில் அப்படம் ஓரளவு அமைதியாக ஓடிற்று. ஆனால் தலைநகரில் மூண்ட தீ கொட்டகையோடு அணையவில்லை. ரோசி தெருவில் துரத்தப்பட்டார். அவருடைய குடிசைக்கு நெருப்பு வைத்தனர். இரவோடு இரவாக ஓடியவர், சாலையில் வந்த ஒரு லாரியை நிறுத்தி ஏறினார். அந்த லாரி நாகர்கோவிலை நோக்கி வந்துகொண்டிருந்தது.

அக்காலத்து நிலையை இளைய வாசகர்கள் அறிந்துகொள்ள வேண்டும். நம் திருவிதாங்கூரில் பெண்கள் மேலாடை அணிவதற்கே பல்லாண்டுக் காலம் போராட வேண்டியிருந்தது. 1859இல்தான் நாடார் பெண்களுக்கு அரசு ஆணை கிடைத்தது. புலையர் குலத்தவரான அய்யங்காளி 1893இல் பொது வீதியில் வில்வண்டி ஓட்டிச் சென்றதே ஒரு கலகமாகக் கருதப்பட்டது. அவர் ஒரு சிறுமியைப் பள்ளியில் சேர்க்க அழைத்துச் சென்றபோது அப்பள்ளியே தீக்கிரையாக்கப்பட்டது. நமக்கு மிக அருகிலுள்ள சுசீந்திரத்தில் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் நடக்கும் உரிமைக்காக 1926இல் சத்தியாகிரகம் நடந்தது. கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது 1936 நவம்பர் 12 அன்று. அதாவது, ரோசியின் படம் வெளிவந்தபோது அவர் குலத்தவர் கோயில் வாயிலைத் தாண்ட முடியாது. அத்தகைய நாளில் வெள்ளைத் திரையில் ஆளுயரத்திற்கு மேலான உருவத்தில், உயர்குலப் பெண்ணின் உடையில், அவர் தோன்றினார். வீதியில் விலகி நிற்க வேண்டியவளை இருளில் அமர்ந்து தலை நிமிர்ந்து பார்க்க வேண்டிய நிலை வந்ததே, அதைத்தான் அவர்களால் தாங்க முடியவில்லை என்று நான் எண்ணுகிறேன். நடிப்பு நன்றா தீதா என்ற பேச்சே அங்கு எழவில்லை.

இதைப் படிக்கும்போது, ‘அவையெல்லாம் மற்றவர்கள் செய்தவை; நம் ஆலயங்களில் அப்படி இல்லை’ என்று சொல்லத் தோன்றும். வடக்கன்குளம் நமக்கு அண்டை ஊர். அங்கே ஆலயத்திற்குள்ளேயே சாதிக்கொரு பகுதியாக மக்களைப் பிரித்து நின்ற சுவர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் இடிக்கப்பட்டது என்பதை அறிந்தவர்கள் அவ்வாறு சொல்ல மாட்டார்கள். நானும் சொல்ல இயலாதவன். அதற்கு வடக்கன்குளம் வரை போக வேண்டியதில்லை.

ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஒரு பங்கில் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு நாடகம் ஒன்று ஆயத்தம் செய்தோம். பங்கின் கடைக்கோடியிலுள்ள குடியிருப்பிலிருந்து மறைக்கல்விக்கு வரும் ஒரு சிறுமி. வயது 13 இருக்கும். குரல் தெளிவானது. மரியன்னைக்குரிய உரை முழுவதையும் இரண்டே மாலைகளில் மனப்பாடம் செய்துவிட்டாள். ‘இதோ ஆண்டவரின் அடிமை’ என்று அவள் சொல்லும்போது, ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த கன்னியரும் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். அவளுக்கே அவ்வேடம் என்று அறிவித்தேன்.

மறுநாள் மாலைத் திருப்பலிக்குப் பின் மூவர் பங்குமனைக்கு வந்தனர். மூவரும் ஆலயத்திற்கு உழைத்தவர்கள், எனக்கு வேண்டியவர்கள். “சாமி, பிள்ளைக்குத் திறமை உண்டு, அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் மாதா வேடத்தில் அவளை நிறுத்தினால் ஊரில் பேச்சு வரும். விழா நல்லபடியாக நடக்க வேண்டாமா? இடையர் வேடம் கொடுக்கலாமே” என்றார் ஒருவர். மற்ற இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தனர். நான் நெடுநேரம் வாதாடியிருக்கலாம். வாதாடவில்லை. கோபுர வேலை பாதியில் நின்றிருந்தது; நன்கொடை வேண்டியிருந்தது. மறுநாள் அச்சிறுமியை அழைத்து, நீல அங்கி அவள் உயரத்திற்குப் பொருந்தவில்லை என்று சொன்னேன். அது பொய். அங்கியை அவள் உடுத்திப் பார்க்கவே இல்லை. அவள், “சரி சாமி” என்று சொல்லி, நான்காக மடித்து வைத்திருந்த உரைத் தாளை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். விழா நாளில் இடையர்களின் பின்வரிசையில் நின்றாள். நாடகம் நன்றாக நடந்தது என்று எல்லாரும் பாராட்டினர்.

கேப்பிட்டல் கொட்டகையில் கல் எறிந்தனர். எங்கள் பங்குமனையிலோ அனைவரும் தாழ்ந்த குரலில், மரியாதையாகத்தான் பேசினோம். மரியாதையாகப் பேசிய காரணத்தால் நான் அதை நெடுநாள் ஒரு தவறாகவே எண்ணவில்லை. ரோசியின் கதையை முதன்முதலாகப் படித்த இரவில்தான் நான்காக மடித்த அந்தத் தாள் என் கண்முன் வந்தது.

லாரியில் வந்த ரோசியைப் பற்றி மேலும் சொல்ல வேண்டும். அவருக்கு அடைக்கலம் தந்த அந்த லாரி ஓட்டுநர் உயர்சாதியினர் எனப்பட்ட குடும்பத்தைச் சேர்ந்தவர். அவரே ரோசியை மணந்துகொண்டார். தம் சுற்றத்தாரைப் பகைத்துக்கொண்டு அவர் செய்த அச்செயலை, ஒரு நகரமே கல்லெறிந்த செய்திக்கு நடுவில் நாம் மறந்துவிடக் கூடாது. நாகர்கோவிலில் ரோசி மீண்டும் ராஜம்மாள் ஆனார். பிள்ளைகளைப் பெற்றார், வளர்த்தார். நடிகையாயிருந்த கதையை அவர் வெளியே பேசவில்லை. பேசினால் பெயர் தெரியும். பெயர் தெரிந்தால் குலம் தெரியும். குலம் தெரிந்தால் பிள்ளைகளின் வாழ்வு என்னாகும் என்று அவர் அஞ்சியிருக்க வேண்டும். நடிப்பை நிறுத்தச் சொல்லி அடித்துத் துரத்தப்பட்ட அந்தப் பெண், அதன்பின் வாழ்நாளெல்லாம் வேறொருத்தியாக நடிக்க வேண்டியதாயிற்று. வடசேரிச் சந்தையிலோ மணிமேடைச் சந்திப்பிலோ நம் பாட்டியர் அவர் அருகில் நின்று காய்கறி வாங்கியிருக்கக்கூடும்.

அவர் தோன்றிய படத்தின் ஒரு துண்டுகூட இன்று இல்லை. டானியேல் வீட்டிலிருந்த படச்சுருளை அவருடைய இளைய மகன் சிறுபிள்ளை விளையாட்டாக எரித்துவிட்டார். அந்நாளைய படச்சுருள் வெகு எளிதில் தீப்பற்றுவது. நீல நிறத்தில் எரியும் அழகைப் பார்த்துக் குழந்தை மகிழ்ந்திருக்கும். ரோசியுடையது என்று உறுதியாகக் கூறத்தக்க நிழற்படமும் கிடைக்கவில்லை. மலையாளத்தின் இரண்டாம் படமான ‘மார்த்தாண்டவர்மா’ (1933) மட்டும் இன்று புனேயிலுள்ள திரைப்பட ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அதை எடுத்தவரும் நம்மவரே: டானியேலின் உறவினரான நாகர்கோவில் சுந்தர்ராஜ். மலையாளப் படவுலகின் முதல் இரு தயாரிப்பாளர்களும் இன்றைய குமரி மாவட்டத்தார் என்பதைப் பெருமையுடன் கூறிக்கொள்ளலாம். கைப்பொருளை இழந்ததிலும் இருவரும் ஒத்தவர்களே.

டானியேலின் பிற்காலமும் துயரம் மிக்கதே. படப்பிடிப்பு நிலையத்தை விற்றார். பல் மருத்துவராகிக் காரைக்குடி முதலிய ஊர்களில் தொழில் நடத்தினார். நடிகர் பி. யூ. சின்னப்பாவின் தூண்டுதலால் மீண்டும் படமெடுக்க முனைந்து இருந்ததையும் இழந்தார். 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தபின் அவர் எந்த மாநிலத்தவர் என்ற கேள்வி எழுந்தது; நலிந்த கலைஞருக்குரிய உதவித் தொகை அவருக்கு எட்டவில்லை. சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் என்ற பத்திரிகையாளர் விடாது எழுதியிராவிட்டால் அவர் பெயரும் மறைந்திருக்கும். 1992இல் கேரள அரசு அவர் பெயரால் விருது ஒன்றை நிறுவிற்று.

ரோசிக்கோ அதற்கும் பல ஆண்டுகள் பிடித்தன. குன்னுக்குழி மணி என்ற எழுத்தாளர் அவரைப் பற்றிய செய்திகளைத் தேடித் திரட்டினார். வினு ஆபிரகாம் அவரைப் பற்றி ஒரு நாவல் எழுதினார். 2013இல் கமல் இயக்கிய ‘செல்லுலாயிட்’ என்ற மலையாளப் படத்தில் சாந்தினி கீதா என்னும் புதுமுகம் ரோசியாக நடித்தார். கொட்டகைக்கு வெளியே விரட்டப்பட்டவர் கொட்டகைக்குள் வந்தார். 2019இல் கேரளத்துத் திரையுலகப் பெண்கள் ஒரு திரைப்படச் சங்கத்திற்கு அவர் பெயரைச் சூட்டினர். 2023 பிப்ரவரி 10 அன்று, அவருடைய 120ஆம் பிறந்த நாளில், கூகுள் நிறுவனம் தன் முகப்பில் அவரை ஓவியமாகத் தீட்டிப் போற்றியது.

இன்னும் ஒரு செய்தி. ரோசியை டானியேலுக்கு அறிமுகம் செய்து, வில்லனாகவும் நடித்த ஜான்சனுக்கு ஒரு மகள். அவரே பி. எஸ். சரோஜா. 1951இல் ‘ஜீவித நௌகா’ என்ற மலையாளப் படத்தின் கதாநாயகி, 1953இல் எம். ஜி. ஆருடன் ‘ஜெனோவா’வில் கதாநாயகி. ஜெனோவா அம்மாளின் கதையை ஊர் மேடைகளில் நாடகமாகப் பார்த்திருந்த நம் பாட்டியர், அப்படத்தைக் கண்டு கண்ணீர் வடித்ததை நான் சிறுவயதில் கேட்டிருக்கிறேன். அதே திருவிதாங்கூர், இடையில் கழிந்தவை ஏறத்தாழ 20 ஆண்டுகளே. முதல் படத்திற்குப்பின் சரோஜாவுக்கு இரண்டாவது, மூன்றாவது, பத்தாவது படம் எல்லாம் கிடைத்தன. அவர் திறமையால் உயர்ந்தவர். அதில் குறை சொல்ல ஏதுமில்லை. ரோசியின் திறமை எத்தகையது என்று அளந்து பார்க்கவே நமக்கு வழியில்லாமல் போயிற்று.

அந்தச் சிறுமியைப் பற்றி வாசகர்கள் கேட்கக்கூடும். அவள் படித்து ஆசிரியை ஆனாள். வேறொரு மாவட்டத்தில், ஒரு பள்ளியில் பணியாற்றுகிறாள். சென்ற ஆண்டு கிறிஸ்து பிறப்பு வாழ்த்து மடலில், தன் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு நாடகம் ஆயத்தம் செய்வதாக எழுதியிருந்தாள். பதில் எழுத அமர்ந்தபோது, நீல அங்கியைப் பற்றிய உண்மையை முதலில் எழுதினேன். மடலை அஞ்சலில் சேர்த்து நான்கு திங்கள் ஆகின்றன. பதில் இன்னும் வரவில்லை.